உதிரிப்பூவும் தொடுத்த சரமும்: ஆன்டிபாடி மருந்தின் சர்க்கரைகளை அளக்கப் பழகுவோருக்கு

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை இரண்டு விதமாக விலைபோகும். உதிரிப்பூவை நிறுத்து விற்பார்கள். தொடுத்த பூவை முழம் போட்டு விற்பார்கள். உதிரியைத் தட்டில் கொட்டினால் மொட்டு எவ்வளவு, மலர்ந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிவிடலாம். எந்தப் பூ எந்தச் சரத்தில், எந்த முடிச்சில் இருந்தது என்பதை மட்டும் சொல்ல முடியாது. சரத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு அது தெரியும். ஆனால் நெருக்கிக் கட்டிய பூக்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறு வேறுபாடுகள் அவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆன்டிபாடி என்னும் நோயெதிர்ப்புப் புரதத்தால் ஆன மருந்துகளின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளை அளக்கும் வேலையும் இப்படித்தான். நாகமலை அடிவாரத்தில் முதுகலை படித்துவிட்டு, உயிர்மருந்து ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இதில் எந்த முறை சரியான முறை?" ஒரே முறையை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்பதே என் பதில். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவிக்கு முன் காகிதம்

ஐஜிஜி வகை ஆன்டிபாடி ஏறத்தாழ 1,50,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள புரதம். இரண்டு கனச் சங்கிலி, இரண்டு இலகுச் சங்கிலி. ஒவ்வொரு கனச் சங்கிலியிலும் 297-ஆம் இடத்தில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சர்க்கரைக் கிளை ஒட்டியிருக்கும். மொத்த எடையில் இந்தச் சர்க்கரை இரண்டு, மூன்று சதவீதம்தான். ஆனாலும் மருந்து உடலில் என்ன செய்யும், எவ்வளவு நாள் தங்கும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் வாரம் கருவிப் பக்கமே போக வேண்டாம். கிளைகளை வரைந்து பழகுங்கள். உலகம் முழுதும் இதற்கு ஒரே குறியீட்டு முறை இருக்கிறது: என்-அசிட்டைல் குளுக்கோசமைனுக்கு நீலச் சதுரம், மேனோஸுக்குப் பச்சை வட்டம், காலக்டோஸுக்கு மஞ்சள் வட்டம், ஃபியூகோஸுக்குச் சிவப்பு முக்கோணம், சயாலிக் அமிலத்துக்கு ஊதா வைரம். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல முதலில் அடித்தளத்தை வையுங்கள். இரண்டு நீலச் சதுரம், அதன் மேல் ஒரு பச்சை வட்டம், அதிலிருந்து இருபுறமும் பிரியும் இரண்டு பச்சை வட்டங்கள். எல்லாக் கிளைக்கும் இந்த ஐந்தும் பொது. இரு கரங்களிலும் ஒவ்வொரு நீலச் சதுரம், அடியில் ஒரு சிவப்பு முக்கோணம் சேர்த்தால் அது ஜி0எஃப். ஒரு கரத்தின் நுனியில் காலக்டோஸ் ஏறினால் ஜி1எஃப். இரு கரத்திலும் ஏறினால் ஜி2எஃப். ஃபியூகோஸ் இல்லையென்றால் பெயரின் கடைசியில் உள்ள 'எஃப்' போய்விடும். அடித்தளத்தின் மேல் மேனோஸ் மட்டுமே கூடி, மொத்தம் ஐந்து மேனோஸ் ஆனால் மேன்5.

கூடவே நான்கு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். காலக்டோஸும் மேனோஸும் 162, என்-அசிட்டைல் குளுக்கோசமைன் 203, ஃபியூகோஸ் 146, சயாலிக் அமிலம் 291. இவை சங்கிலியில் சேரும்போது கூடும் எடைகள், டால்டனில். வாய்ப்பாடு போல இவை நாவில் இருக்க வேண்டும். எடை அளக்கும் கருவி தரும் நிறமாலையைப் பார்த்த கணத்திலேயே எது கூடியது, எது குறைந்தது என்று தோன்ற வேண்டும்.

எதற்காக அளக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் ஒரு துளி மாதிரியைக்கூடத் தொடக் கூடாது என்பது என் கறாரான கருத்து.

மதுரை கண் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது இங்கேதான். விழித்திரை நோய்க்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளையே எடுத்துக்கொள்வோம். பெவசிசுமாப் முழு ஆன்டிபாடி. விலங்குச் செல்லில் உருவாவதால் அதற்குச் சர்க்கரை உண்டு. ரானிபிசுமாப் ஆன்டிபாடியின் ஒரு துண்டு மட்டுமே. பாக்டீரியாவில் உருவாவதால் அதில் சர்க்கரையே கிடையாது. இரண்டும் ஒரே வளர்ச்சிக் காரணியைப் பிடித்து முடக்குகின்றன. அந்தப் பிடிப்புக்குச் சர்க்கரை தேவையில்லை.

ரிட்டுக்சிமாப், டிராஸ்டுசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகளின் கதை வேறு. அவை செல்லைக் கொல்ல நோயெதிர்ப்புச் செல்களையும் துணைக்கு அழைக்கின்றன. அடியில் இருக்கும் ஃபியூகோஸ் இல்லாமல் போனால் அந்த அழைப்பு பல மடங்கு வலுப்பெறுகிறது. ஒபினுடுசுமாப், மொகாமுலிசுமாப் ஆகிய மருந்துகளில் ஃபியூகோஸை வேண்டுமென்றே குறைத்தது இதற்காகத்தான். நுனிக் காலக்டோஸ் கூடினால் காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களின் வழியாக நடக்கும் தாக்குதல் கூடும். மேன்5 கூடினால் மருந்து இரத்தத்திலிருந்து விரைவாக வெளியேறும்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தி அல்ல. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, சந்தையில் இருந்த டிராஸ்டுசுமாப் மூல மருந்தின் தொகுதிகளிலேயே (ஒரு முறை தயாரித்த அளவு ஒரு தொகுதி) ஃபியூகோஸ் இல்லாத கிளைகளின் அளவு காலப்போக்கில் மாறியதையும், அதோடு செல் கொல்லும் திறனும் மாறியதையும் காட்டியது. அதே மருந்துக்கு நிகரான மருந்து தயாரிப்பவர் எந்தத் தொகுதியை அளவுகோலாக வைப்பது? நீங்கள் அளந்து தரும் ஒரு சதவீத வித்தியாசத்தின் மேல் அந்த முடிவு நிற்கும்.

முதல் பார்வை: சரத்தை அவிழ்க்காமல்

முழு ஆன்டிபாடியை அப்படியே, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் செலுத்திப் பாருங்கள். அதிகத் தயாரிப்பு வேண்டாம்; உப்பை நீக்கினால் போதும். 162 டால்டன் இடைவெளியில் படிக்கட்டுப் போல முகடுகள் நிற்கும். ஜி0எஃப் இரண்டு உள்ளது, ஒரு ஜி0எஃப் ஒரு ஜி1எஃப் உள்ளது என்று வரிசையாகப் படிக்கலாம்.

இங்கேயே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒரு மூலக்கூறின் இரு சங்கிலியிலும் ஜி1எஃப் இருந்தாலும், ஒன்றில் ஜி0எஃப், மற்றொன்றில் ஜி2எஃப் இருந்தாலும் எடை ஒன்றுதான். கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் எடையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அடுத்து, செல் வளர்க்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸ் புரதத்தின் லைசினில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அதுவும் 162 டால்டன்தான். காலக்டோஸ் என்று நினைத்து அதை எண்ணிவிடும் புதியவர்கள் நிறையப் பேர். சோதிக்கும் வழி எளிது: நொதியால் கிளைகளை நீக்கிவிட்டு மறுபடி எடை பாருங்கள். 162 இன்னும் அங்கேயே நின்றால் அது கிளையைச் சேர்ந்தது அல்ல.

இதற்கு அடுத்ததாக ஐடிஇஎஸ் என்ற நொதியைப் பயன்படுத்துங்கள். ஆன்டிபாடியின் இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஒரே இடத்தில் மட்டும் வெட்டும். 37 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் போதும். சர்க்கரை தாங்கிய துண்டு ஏறத்தாழ 25,000 டால்டனாகத் தனியே வந்துவிடும். ஒரு துண்டில் ஒரு கிளைதான் என்பதால் மேலே சொன்ன முதல் குழப்பம் தீர்ந்துவிடும். அவசரத்தில் ஒரு தொகுதியைப் பார்க்கச் சொன்னால் நான் முதலில் நாடுவது இதைத்தான்.

உதிர்த்தல்: வேலையின் பாதி இங்கே

துல்லியமான விகிதம் வேண்டுமென்றால் கிளைகளை உதிர்த்துத்தான் ஆக வேண்டும். பிஎன்ஜிஏஸ் எஃப் என்ற நொதி அஸ்பராஜினிலிருந்து கிளையை முழுதாகக் கழற்றிவிடும். அப்போது அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறி, புரதத்தின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன் கூடும்.

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மருந்துக் குப்பியிலிருந்து எடுத்த மாதிரியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். பல ஆன்டிபாடி மருந்துகள் ஹிஸ்டிடின் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) இருக்கும். விரைவாக ஒட்டும் புதிய வகை ஒளிர்சாயங்கள் அமீன்களைத் தேடிப் போகும் குணம் உடையவை. ஹிஸ்டிடின், கிளைசின், டிரிஸ் எது இருந்தாலும் சாயத்தை அவையே தின்றுவிடும். கிளைகளுக்கு மிச்சம் இருக்காது. முதலில் வடிகட்டிக் குழாயில் பஃபரை மாற்றுங்கள்.

அடுத்தது புரதத்தை விரித்தல். கிளை புரதத்தின் மடிப்புக்குள் பாதி மறைந்திருக்கிறது. 95 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி விரித்தால் நொதிக்கு வழி கிடைக்கும். எஸ்டிஎஸ் சோப்பைச் சேர்த்தால், நொதியை இடுவதற்கு முன் என்பி-40 போன்ற மென்மையான சோப்பையும் சேர்க்க மறக்காதீர்கள்; இல்லையென்றால் எஸ்டிஎஸ் நொதியையும் விரித்துவிடும். உதிர்ந்து முடிந்ததா என்பதை ஊகிக்கவும் கூடாது. மிஞ்சிய புரதத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டுப் பாருங்கள். கிளையோடு நிற்கும் கனச் சங்கிலி கண்ணில் பட்டால் உங்கள் விகிதம் நம்பத்தக்கது அல்ல, ஏனென்றால் எல்லாக் கிளைகளும் ஒரே வேகத்தில் உதிர்வதில்லை.

இனி சாயம் ஏற்றுதல். சர்க்கரைக்குத் தானாக ஒளிரும் குணம் கிடையாது. பழைய, நம்பகமான சாயம் 2-ஏபி. 65 டிகிரியில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். ஒரு கிளைக்கு ஒரு சாயம் மட்டுமே ஒட்டும் என்பதுதான் இதன் அழகு. சிறிய கிளையோ பெரிய கிளையோ, ஒளிர்வு எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இந்த நியாயம் கிடையாது. எளிதில் அயனியாகும் கிளை தன்னை மிகைப்படுத்திக் காட்டும். அதனால்தான் விகிதத்துக்கு ஒளிர்வு, அடையாளத்துக்கு எடை என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. 2-ஏபி முறையில் பயன்படும் சோடியம் சயனோபோரோஹைட்ரைடு அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். நச்சுக்காற்றை உறிஞ்சும் ஃபியூம் ஹுட்டுக்கு வெளியே அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. பிக்கோலின் போரேன் என்ற பாதுகாப்பான மாற்று இருக்கிறது; கல்லூரி ஆய்வகங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

பழகிய புதிதில் ஒரு மே மாதம். மதுரை வெயிலின் உச்சம். மனித இரத்தத்திலிருந்து எடுத்த ஐஜிஜியில் சாயம் ஏற்றி, வெற்றிட உலர்த்தியில் வைத்திருந்தேன். மின்சாரம் போய்விட்டது. அமிலம் கலந்த மாதிரி மாலை வரை அந்தப் புழுக்கத்திலேயே கிடந்தது. மறுநாள் ஓட்டியபோது சயாலிக் அமிலம் ஏறிய முகடுகள் ஏறக்குறைய இல்லை. இந்த மாதிரியில் சயாலிக் அமிலம் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மனித ஐஜிஜியில் அது கட்டாயம் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நுனியில் தொங்கும் சயாலிக் அமிலம் அமிலத்திலும் சூட்டிலும் உதிர்ந்துவிடும். சாயம் ஏற்றியவுடன் மாதிரியைச் சுத்தம் செய்துவிடுங்கள். முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். விடை தெரிந்த மாதிரி ஒன்றையும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஓட்டுங்கள்.

பிரித்தல்

சாயம் ஏற்றிய கிளைகளை ஹிலிக் வகை குரோமடோகிராபியில் (நீரை எவ்வளவு விரும்புகின்றன என்பதைக் கொண்டு பிரிக்கும் முறை) பிரிக்கிறோம். அமைடு பூசிய பிரிப்புக் குழாய், 60 டிகிரி, ஒரு பக்கம் பிஎச் 4.4 உள்ள அம்மோனியம் ஃபார்மேட், மறுபக்கம் அசிட்டோநைட்ரைல். நீரின் பங்கு மெல்ல ஏற ஏற, சிறிய கிளை முதலிலும் பெரியது பின்னாலும் இறங்கும். ஜி0, ஜி0எஃப், மேன்5, பிறகு ஜி1எஃப்பின் இரண்டு முகடுகள், கடைசியில் ஜி2எஃப். ஜி1எஃப் இரண்டாக வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். காலக்டோஸ் எந்தக் கரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவை பிரிகின்றன. எடை பார்க்கும் முறையில் கிடைக்காத தகவல் இது. மேன்5-க்கு மிக அருகில் ஃபியூகோஸ் இல்லாத ஜி1 வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த முகட்டை மட்டும் என்றும் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஊசிவழி செலுத்தும் மாதிரியில் நீர் அதிகமாக இருந்தால் முகடுகள் பிளந்துபோகும். அசிட்டோநைட்ரைல் மிகுதியாகக் கலந்துதான் செலுத்த வேண்டும். பிஎச் அளவை அசிட்டோநைட்ரைல் கலப்பதற்கு முன், நீரில் மட்டும் சரிசெய்யுங்கள். கண்ணாடிக் கலங்களைக் காகிதத்தாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். இரண்டும் செல்லுலோஸ்; செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் சங்கிலி. 162 டால்டன் இடைவெளியில் போலி முகடுகள் வந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

நேரத்தை அப்படியே குறித்துவைத்தால் அடுத்த ஆய்வகத்தில் அது உதவாது. குளுக்கோஸ் ஏணி ஒன்றில் அதே சாயத்தை ஏற்றி உடன் ஓட்டி, ஒவ்வொரு முகட்டையும் எத்தனை குளுக்கோஸுக்குச் சமம் என்று மாற்றி எழுதுங்கள். அந்த எண் ஊர் மாறினாலும் பெரிதாக மாறாது.

சந்தேகமான முகட்டை நொதியிடம் கேளுங்கள். நுனியிலிருந்து ஒரே வகைச் சர்க்கரையை மட்டும் வெட்டும் நொதிகள் இருக்கின்றன. பச்சைக் காப்பிக்கொட்டையிலிருந்து எடுக்கும் நொதி ஆல்ஃபா வகைக் காலக்டோஸை மட்டும் நீக்கும்; பீட்டா வகையைத் தொடாது. நொதி சேர்த்ததும் முகடு நகர்ந்தால் அந்தச் சர்க்கரை அங்கே இருந்தது என்று பொருள். இந்தச் சோதனையைப் போல மனநிறைவு தரும் வேலை இந்தத் துறையில் எனக்கு வேறில்லை.

இதே கிளைகளை ஏபிடிஎஸ் சாயத்தோடு கேப்பிலரி என்னும் நுண்குழாயில் மின்புலம் செலுத்தியும் பிரிக்கலாம். விரைவானது, கரைப்பான் செலவு குறைவு. வசதி இருந்தால் இரண்டாவது சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் சரத்துக்கு

உதிர்த்த முறை இரண்டு கேள்விகளுக்கு வாய் திறக்காது. கிளை எந்த இடத்தில் இருந்தது? கிளையே ஏறாத சங்கிலி எவ்வளவு?

செட்டுக்சிமாப் முதல் கேள்விக்கு மறக்க முடியாத உதாரணம். அதற்கு வழக்கமான இடம் தவிர, இலக்கைப் பிடிக்கும் பகுதியிலும் ஒரு கிளை உண்டு. எலியின் செல்லில் உருவானதால் அந்தக் கிளையில் மனித உடலில் இல்லாத ஆல்ஃபா காலக்டோஸ் இருந்தது. அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா பகுதிகளில் பல நோயாளிகளுக்கு முதல் ஊசியிலேயே கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. அவர்களிடம் அந்தச் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி முன்பே இருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. உதிரியாக எண்ணினால் இந்தக் கிளை பிற கிளைகளோடு கலந்துவிடும். அது எங்கே உட்கார்ந்திருந்தது என்பது தெரியாது.

அதனால் டிரிப்சின் நொதியால் புரதத்தையே சிறு துண்டுகளாக வெட்டி, சர்க்கரையோடு சேர்ந்த துண்டைப் பாருங்கள். ஐஜிஜி1-இல் அது ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு. நீரை விரும்புவதால் பிரிப்புக் குழாயில் சரியாகத் தங்காமல் முன்கூட்டியே ஓடிவிடும். தொடக்க நிமிடங்களைக் கழிவுக்குத் திருப்பிவிடும் வழக்கம் உள்ளவர்கள் அதை இழந்துவிடுவார்கள். துண்டை மோதி உடைத்தால் 204.087, 366.140 என்ற இரண்டு அயனிகள் தோன்றும். இவை சர்க்கரை இருப்பதன் கைரேகை. கிளை ஏறாத அதே ஒன்பது அமினோ அமிலத் துண்டையும் தேடுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. எஸ்டிஎஸ் கேப்பிலரி முறையிலும் கிளையற்ற கனச் சங்கிலி தனி முகடாகத் தெரியும். இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

எதில் பழகுவது?

விலையுயர்ந்த மருந்தில் கை பழக வேண்டாம். கடையில் கிடைக்கும் மனித ஐஜிஜி போதும். மேனோஸ் கிளைகளுக்கு மாட்டுக் கணையத்து ரைபோநியூக்ளியேஸ் பி நல்லது. மேன்5 முதல் மேன்9 வரை வரிசையாகக் காட்டும். சயாலிக் அமிலத்துக்கு நாமக்கல் முட்டையே போதும்: கோழி முட்டையின் மஞ்சள் கருவில் இரு நுனியிலும் சயாலிக் அமிலம் ஏறிய, ஐஜிஜி கிளையைப் போன்ற கிளை தாங்கிய சிறு பெப்டைடு இருக்கிறது. பிரித்தெடுப்பதே நல்ல பயிற்சி. கை திருந்திய பிறகு அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் ஆன்டிபாடித் தரமாதிரியை வாங்குங்கள்.

அந்தத் தரமாதிரியை வைத்து நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2020-இல் வெளியானது. 76 ஆய்வகங்கள் 103 அறிக்கைகள் கொடுத்தன. ஒரே ஆன்டிபாடியில் ஒரு தரப்பு 4 கிளை வகைகளைக் கண்டது. வேறொரு தரப்பு 48 கண்டது. தேர்ந்த கைகளுக்கே இப்படி என்றால், உங்கள் முதல் அறிக்கை பக்கத்து ஆய்வகத்தோடு ஒத்துப்போகாததற்குக் கலங்க வேண்டியதில்லை. எந்த முறையில், எந்தச் சாயத்தில், எந்த முகடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டீர்கள் என்பதை மட்டும் ஒளிவில்லாமல் எழுதுங்கள். குறிப்பாக 'ஃபியூகோஸ் இல்லாதவை' என்று ஒரு சதவீதம் கொடுக்கும்போது மேன்5-ஐச் சேர்த்தீர்களா, விட்டீர்களா என்று அதே வரியில் சொல்லுங்கள். மேன்5-இலும் ஃபியூகோஸ் இருக்காது என்பதால் அந்த ஒரு வரி விடுபட்டு, இரண்டு குழுக்கள் வாரக்கணக்கில் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன்.

உதிர்த்த முறையும் டிரிப்சின் துண்டு முறையும் வெவ்வேறு எண் தந்தால் சராசரி எடுக்காதீர்கள். முதலில் நொதி முழுதாக வேலை செய்ததா என்று பாருங்கள். பிறகு மேன்5 முகட்டில் ஜி1 ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு துண்டு முறையில் அயனியாகும் வேறுபாட்டைப் பாருங்கள். இந்த வரிசையிலேயே பெரும்பாலான முரண்கள் அவிழ்ந்துவிடும். அதற்குள் மூல மாதிரி தீர்ந்துபோகாமல் இருக்க, வந்த நாளிலேயே சிறு குழாய்களாகப் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள்.